கிணற்றடித் தொட்டியில் ஒரு மீன்

கூட்டத்திலிருந்து பிரித்த தண்டியா மீன் நாற்பத்தெட்டு மணித்தியாலத்துக்கு எதையும் தின்னாது. அதற்குப் பிறகும் ஒழுங்காகத் தின்னாது. நிறம் வெளிறி ஒரு மூலையில் நிற்கும். கிணற்றடித் தொட்டியில் ஏன் ஒரேயொரு மீன் நின்றது என்று கேட்டீர்கள், டொக்டர். அதனால்தான்.

நான் பட்டம் பெற்று வந்தபோது அண்ணை பேராதனை ரயில் ஸ்டேஷனில் கிளாக்கர். கெலிஓயாவில் வாடகை வீடு எடுத்திருந்தார். எனக்கென்று கண்ணாடித் தொட்டி ஒன்று வாங்கி, ஓடையில் தானே இறங்கித் தண்டியாக்களைப் பிடித்து வந்து விட்டார். விரல் நீள மீன்கள். முப்பதும் ஒரே கணத்தில் திரும்பும். எது முதலில் திரும்புகிறது என்று கண்டுபிடிக்க மாலையில் இருவரும் கண்ணாடிக்கு முன்னால் கதிரை போட்டு இருப்போம். இரண்டு வருடம் பார்த்தும் கண்டுபிடிக்கவில்லை. எனக்கு அவசரமும் இருக்கவில்லை.

பிறகு அண்ணை பரிமளத்தைக் கட்டிக் கூட்டி வந்தார். மூன்றாவது கதிரை வந்தது.

"மச்சாள், இதுகள் கலியாண வீட்டுச் சனம் மாதிரியெல்லோ? ஒண்டு பந்திக்கு எழும்பினா எல்லாம் எழும்புது" என்றாள்.

அண்ணை விழுந்து விழுந்து சிரித்தார். "குஞ்சு, நீ இப்ப சொன்னதைத்தான் இவள் இங்கிலீசில எழுதி பி.எஸ்சி. எடுத்தவள்."

குஞ்சு என்று அவர் அதுவரை என்னைத்தான் கூப்பிட்டார். அன்றைக்குப் பிறகு என்னைத் தங்கச்சி என்றார். அதுவும் சரியான சொல்தான்.

முப்பத்துநான்காம் ஆண்டு மழை பொய்த்தது. மகாவலி மணல் திட்டாகக் கிடந்தது. ஊரெங்கும் மலேரியாக் காய்ச்சல். கிணறு வற்றும் என்று அண்ணை கிணற்றடித் தொட்டியில் தண்ணீர் சேர்த்தார். நுளம்பின் புழுவான குடம்பி பெருகாமல் இருபது தண்டியாக்களை அதில் விடச் சொன்னவள் நான்தான். கூட்டமாக நின்றால் அவை ஒரு குடம்பியையும் விடா.

கார்த்திகையில் ஒரு மத்தியானம் பத்தொன்பதைத் துணியால் வடித்து மறுபடி கண்ணாடித் தொட்டிக்குள் விட்டேன். கூட்டம் நிறைந்ததும் அழகாக இருந்தது.

குடம்பி இருக்கிறதா என்று வீடு வீடாகத் தொட்டிகளைப் பார்க்க வந்த சுகாதாரப் பகுதி மஹ்மூத் எட்டிப் பார்த்தார். "மீன் ஈக்கிது தானே, தங்கச்சி. பொறகென்ன?" என்று போய்விட்டார். மீன் இருந்தது. அதைச் சுற்றிக் குடம்பிகள் நீர்மட்டத்தில் கிடையாக மிதந்தன. அது தின்னவில்லை.

தொட்டிக்கு நேரே அண்ணையின் அறை யன்னல். பரிமளத்துக்கு நுளம்பு வலை ஒத்துக்கொள்ளாது. "உள்ளுக்க மூச்சு முட்டுது மச்சாள்" என்று வந்த நாளிலேயே சொன்னாள். யன்னலடியில் பாய் போட்டுப் படுப்பாள். அண்ணை வலைக்குள் படுப்பார். என் கட்டிலுக்கும் வலை உண்டு. வேறு யாருக்கும் தீங்கு வரக்கூடாது என்பதில் நான் கவனமாக இருந்தேன்.

அவளுக்குக் காய்ச்சல் வந்தால் மானிப்பாய்க்குத் தாய்வீட்டுக்கு அனுப்புவார்கள். ஓரிரு மாதம் அங்கே இருப்பாள். நான் நினைத்தது அவ்வளவுதான்.

அவள் பிள்ளைத்தாச்சி என்பது எனக்குத் தெரியாது. கூச்சத்தில் என்னிடம் சொல்லவில்லைப் போலும். அண்ணைக்குச் சொல்லியிருக்கிறாள். கதவு சாத்திய அறைக்குள் யார் எங்கே படுக்கிறார்கள் என்று நான் கேட்கவா முடியும்?

மார்கழியில் வீட்டுக்குள் காய்ச்சல் வந்தது. நீங்கள் வந்து கொயினா மருந்து கொடுத்தீர்கள். நாலாம் நாள் காய்ச்சல் தலைக்கேறிவிட்டது என்றீர்கள். அப்போது பரிமளம் அண்ணை கிடந்த கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்:

"என்னை வலைக்குள்ள விட்டிட்டு அவர் யன்னலடியில படுத்தவர், மச்சாள். பிள்ளை வயித்தில எண்டு... நான் எவ்வளவு சொல்லியும் கேக்கேல்லை."

அவளைத் தேற்றினேன். தலைமயிரை அள்ளி முடிந்தும் விட்டேன்.

ஓரிரு மாதம் தாய்வீட்டில் இருப்பாள் என்று நினைத்ததாகச் சொன்னேன். அதைத் திருத்த வேண்டும், டொக்டர். அந்த வருடக் காய்ச்சல் என்ன செய்யும் என்று விஞ்ஞானம் படித்த எனக்குத் தெரியும். பரிமளம் சாக வேண்டும் என்றுதான் மீன்களை எடுத்தேன். அண்ணையைக் கொன்றுவிட்டேன்.