தேய்த்துக் கெடுத்த தகடு

"ரொம்ப அழகா இருந்துச்சுன்னுதானுங்க்கா என்னைய ஃபெயில் பண்ணீட்டாங்க."

ராசிபுரம் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இருந்த பெண் இப்படிச் சொன்னாள். ஆறு மாத வெல்டிங் பயிற்சியை முடித்து, அன்றுதான் தேர்வுக்குப் போய்விட்டுத் திரும்புகிறாள் என்பது பேச்சில் தெரிந்தது. பக்கத்தில் அவளுடைய ஊர்க்கார அம்மாள்.

"அதெப்படி சாமி? அழகா இருந்தா மார்க்கு கூடத்தான போடோணும்?"

"ரெண்டு தகட்டை ஒண்ணாப் பத்த வெச்சுக் குடுக்கோணுங்க்கா. எல்லாருக்கும் முன்னால முடிச்சுட்டேன். அரை மணி நேரம் மிச்சம். பக்கத்துல இரும்பு தேய்க்கற கிரைண்டர் கெடந்துச்சு. நம்ம ஊருப் பட்டறைல வாசல் கேட்டு செஞ்சா, பத்த வெச்ச தடமே தெரியாமத் தேய்ச்சுத்தான குடுப்போம்? கை தானாப் போயிருச்சு."

"தேய்ச்சுப் போட்டியா?"

"கண்ணாடியாட்டம். ஆபீசர் தடவிப் பாத்தாரு. 'பத்த வெச்சதைப் பாக்கத்தாம்மா வந்தேன், அதையே காணமே'ன்னு ஓரமா வெச்சுட்டாரு."

நானும் ஒரு காலத்தில் எழுதிய தேர்வுதான்; தேய்க்கக் கூடாது என்பது தேர்வுக் குறிப்பின் மூன்றாம் பத்தியில் இருக்கும். அந்தப் பத்தி வரை படித்தவர், எனக்குத் தெரிந்து, அதை எழுதியவர் மட்டும்தான்.

"மறுக்காப் போலாமில்ல?"

"போலாங்க்கா. அதுக்குள்ள பாய்லர் கம்பெனில ஆள் எடுத்து முடிச்சுருவாங்க. வயசு வரம்பும் இந்த வருசத்தோட சரி."

அம்மாள் பையிலிருந்து ஒரு கொய்யாவை எடுத்து அவள் கையில் வைத்தார். பேருந்து மல்லூரைத் தாண்டியது.

"அந்த அரை மணி நேரம் வெளிய போயி ஒரு டீ குடிச்சிருந்தாப் போதுமுங்க்கா. வேலைக்குப் போயிருப்பேன்."