அறுபத்தோராவது பிள்ளை

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் பேருந்தில், என் முன்சீட்டில் ஒரே அரசுப் பள்ளியின் ஆசிரியர்கள் இருவர் இருந்தார்கள். அந்தப் பள்ளிக்கு மொத்தம் மூன்று ஆசிரியர்கள்; மூன்றாமவர் உடன் வரவில்லை. வெயிலுக்காகப் பள்ளித் திறப்பை ஒரு வாரம் தள்ளிவைத்ததற்குச் சங்கத்தின் சார்பில் நன்றி சொல்ல, கலெக்டர் அலுவலகம் போயிருந்தாராம்.

திருக்கழுக்குன்றத்தில் காலி மீன்கூடையோடு ஏறிய பெண் அவர்களைப் பார்த்ததும் கேட்டாள்: "சார், பையனுக்கு டிசி எப்ப தருவீங்க?"

"என்னம்மா இப்படிக் கேக்குற? உம் புள்ள வெயில்ல வாடக் கூடாதுன்னுதான சங்கத்துல போராடி லீவு வாங்கினோம்!" என்றார் பெரியவர்.

"எங்க வூடு தகர ஷீட்டு சார். வேப்பமரமும் ஃபேனும் உங்க ஸ்கூல்லதான் கீது. இவன் நாள் பூரா கடக்கரையில சுத்திகினு கீறான். பிரைவேட்ல ஸ்பெஷல் கிளாஸ்னு தொறந்துட்டாங்க, சேத்துட்டேன்."

"அங்க மட்டும் வெயில் அடிக்கலியா?"

"அடிக்குது சார். சங்கம்தான் இல்ல."

இளையவர் மெதுவாகக் கேட்டார்: "சார், நம்ம ஸ்ட்ரெங்த் அறுபத்தொண்ணுதான? அறுபதாயிட்டா ரெண்டு போஸ்ட்தான் சார், மூணாவது போயிடும்."

பெரியவர் கைபேசியை எடுத்து மூன்றாமவரை அழைத்தார். "தம்பி, நன்றி சொல்லிட்டியா? நீதான ஜூனியர்... அப்படியே டிரான்ஸ்பருக்கும் ஒரு மனு குடுத்துடு."

ஒரு வார விடுமுறைக்கு ஆன மொத்தச் செலவு: ஒரு பிள்ளை, ஒரு வாத்தியார்.