ஒழுகுற வீட்டு மேஸ்திரி

“...அவரு வீடே ஒழுகுதுங்க மாமா. அதனாலதான் நம்ம அரிசி மில்லு வேலைய அவருக்கே குடுக்கலாம்னு பாக்கறேன்.”

வெள்ளைக்காரன் காலத்தில், விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகிற பாசஞ்சரில் எனக்கு எதிரே இருந்தவர் இப்படிச் சொன்னார். அவர் மடியில் மேஸ்திரிக்கு அச்சாரம் வைக்கத் தாம்பூலத் தட்டு, பக்கத்தில் மாமனார். பாதி மடித்த வெற்றிலையோடு கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த மாதிரிப் பேச்சுக்காகவே ரயிலேறலாம்.

“நல்லா சொன்னீங்க மாப்ள! திண்டிவனத்து மேஸ்திரி மச்சுவீடு கட்டிக்கினு ராசாவாட்டம் இருக்காரு. உங்க விக்கிரவாண்டி ஆளு மழை வந்தா வூட்டுக்குள்ள சட்டி வச்சிக்கினு நிக்கிறான்.”

“திண்டிவனத்தாரு வாசக்கதவப் பாத்தீங்களா? அவரு கட்டின சத்திரத்துக் கதவும் அதே தேக்கு, அதே பூவேலை. விக்கிரவாண்டியாரு ஊருக்கே ஓடு போட்டவரு. ஒருத்தர் வீட்டு ஓடுகூட அவரு கூரைக்கு ஏறலீங்களே.”

மாமனார் அந்தத் தட்டைப் பார்த்தார்.

“திண்டிவனத்தாருக்கு வாக்குக் குடுத்துட்டேனே மாப்ள. இனிமே அவரு மூஞ்சில எப்படி முழிப்பேன்?”

“நான் வந்து சொல்லிக்கிறேங்க. பழி என்மேல இருக்கட்டும்.”

விக்கிரவாண்டியில் வண்டி நின்றது. மாப்பிள்ளை தட்டோடு முதலில் இறங்கினார். அப்புறம் திரும்பி, மாமனார் இறங்குவதற்காகக் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.