சாப்பாட்டு அறைச் சுவரில் ஒரு தொர

இலங்கை மலையகத்துக் கொட்டகலையில் பஸ் ஏறி உட்கார்ந்ததும் முன் சீட்டுக்காரர் தன் மச்சானிடம், "வெள்ளிக்கிழமையானா நான் பொட்டு வைக்கிற தொரைக்குச் சொந்தக்காரவுங்க லண்டன்லேருந்து வந்துட்டாங்க" என்றார். அதற்குப் பிறகு நான் எங்கே ஜன்னல் பக்கம் பார்க்க! அவர் சுற்றுலாக்காரர்கள் தங்கும் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பங்களாவில் சமையல்காரர் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"எந்தத் தொர?"

"சாப்பாட்டு ரூம்ல படமா இருக்காரே, அவருதான். தோட்டத்த உண்டாக்குன மொதத் தொரன்னு நெனச்சேன். செத்தவங்க படத்த வெறுமனே விடலாமா? சந்தனம், குங்குமம், ஒரு பூவு."

"அவரில்லியா?"

"அவரு சிலோன் பக்கமே வரலப்பா! அவரு வம்சத்துல வந்த தொர ஒருத்தரு கொண்டாந்து மாட்டுன படமாம். நானூறு வருசத்துக்கு முந்தி இங்கிலீஸ் பார்லிமென்ட்ல இருந்தவராம். அப்பன் செத்தா மகனுக்கு வர்ற 'சர்' பட்டமும் இருந்துச்சாம். இவரு ராசாவ எதுத்தாரு, மகன் ராசா பக்கம் போயிட்டான். சாகுறவரைக்கும் ரெண்டு பேருக்கும் பேச்சில்ல."

"வந்தவுங்க பொட்டப் பாத்து ஏசலியா?"

"மெனேஜரு மொறச்சாரு. வேல போச்சுன்னே நெனச்சேன். லண்டன்லேருந்து வந்த அம்மா கண்ணத் தொடச்சிக்கிட்டு, 'எங்க வீட்டுலகூட இவர யாரும் நெனைக்கிறதில்ல, நிறுத்திடாதீங்க'ன்னுட்டாங்க."

மச்சான் சாய்ந்து உட்கார்ந்தார். "அப்பாடா! வேல இருக்கு."

"இருக்கு, இருக்கு. மகன் படத்தையும் அனுப்புறாங்களாம், பக்கத்துலயே மாட்டணுமாம். ரெண்டு பேருக்கும் பொட்டு வைக்கிறேன், ஆனா நடுவுல ஒரு கடிகாரம் மாட்டிக்கிறேன், மொத நாளே ஒட்டி வைக்க வேணாம்னு சொல்லிட்டேன்."