லிப்டு இல்லாத வீட்டுக்கு நான்கு ஸ்குவாட்டுகள்

இந்த உடற்பயிற்சிக்கூடத்தின் ஆண்டுவிழாவுக்குத் தலைமை தாங்கும் தலைவர் அவர்களே, மடங்கிய என் முழங்காலை மீட்டுத் தந்த மாஸ்டரம்மா அவர்களே, பளுவைக் கண்டு பயப்படாத பெரியோர்களே, பிள்ளையை இடுப்பிலும் பையைக் கையிலும் சுமந்தே பழகிய தாய்மார்களே, முன்வரிசையில் அமர்ந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கும் என் வீட்டம்மாவே! எல்லோரையும் வணங்குகிறேன்.

நாற்பது ஆண்டு நான் லிப்டு ஓட்டினேன். முக்காலியில் உட்கார்ந்தபடியே ஊரை ஏற்றினேன், உயர ஏற்றினேன். என் வீட்டில் லிப்டு உண்டா? இல்லை! மொட்டைமாடிக்குப் பதினெட்டுப் படி. இடுப்பெலும்பு முறிந்து தேறியும் படியேற முடியாத இவள் கேட்டது ஒன்றே ஒன்று: “என்னங்க, ஒரே ஒரு தடவை மேல போயி மேகத்தைப் பாக்கணும்.”

தூக்கினேன். முழங்கால் மடங்கியது. இருவரும் கட்டிலிலேயே விழுந்தோம்.

“விடுங்க, எனக்குச் சன்னலே போதும்” என்றாள். சன்னலுக்கு எதிரே என்ன? பக்கத்துக் கட்டடத்தின் சுவர்!

இங்கே வந்தேன். சுவரில் ஓர் அட்டை, அதில் ஸ்குவாட்டு என்கிற உட்கார்ந்தெழும் பயிற்சிக்கு நான்கு படம். பளுக்கம்பியை முதுகில் தாங்கி உட்கார்ந்து எழுவது. முன்தோளில் தாங்கி எழுவது. பெட்டிமேல் அமர்ந்து எழுவது. அடிவரை குந்தி, அப்படியே மூன்று எண்ணி எழுவது. வாரத்துக்கு ஒன்று என்று எழுதியிருந்ததாம். எனக்கேது எழுத்து? நாளுக்கு ஒன்றாகச் செய்துவிட்டேன்!

“ஐயா, யாரு உங்களை இப்படிக் கலக்கச் சொன்னது?”

“படந்தான் சொல்லுச்சு மாஸ்டரம்மா.”

“சரி, யாரைத் தூக்கப் போறீங்க?”

சொன்னேன். அட்டையில் ஒவ்வொரு படமாகத் தொட்டுக் காட்டினார். “கட்டில்லேருந்து எழுப்பப் பெட்டி. மார்போட ஏந்த முன்தோளு. படியேற முதுகு. மெதுவா எறக்க அந்த மூணு எண்ணிக்கை. உங்களுக்கு நாலுமே வேணும்யா! ஆனா ஒருநாள் கனம், ஒருநாள் லேசு, நடுவுல ஓய்வு. சரியா?”

கம்பியோடு குந்தியதும் “தரைத்தளம்!” என்பேன், எழுந்ததும் “மூணாவது மாடி!” என்பேன். சிரிக்கிறீர்களா? சிரியுங்கள்! அன்றும் இந்தக் கூடமே சிரித்தது.

எட்டு மாதம். கம்பி என் கனவிலும் மிதந்தது. நான் தண்ணீருக்குள் அமிழ்ந்து, வெளிச்சத்துக்குள் எழுந்துகொண்டே இருந்தேன்.

பிறகு ஒரு காலை. ஏந்தினேன், எழுந்தேன், ஏறினேன். ஒரு படி, ஒரு மூச்சு. ஒரு படி, ஒரு மூச்சு. பதினெட்டாம் படியில் வானம் எங்கள் முகத்தில் இறங்கியது. நாற்காலியில் வைக்கக் குனிந்தேன்.

“நீயே எண்ணும்மா” என்றேன்.

“ஒண்ணு... ரெண்டு...”

தொடை நடுங்குகிறது. “மூணு சொல்லேன்!”

“மாட்டேன். இப்படியே இருங்க. மேகம் நகருது.”

இருந்தேன், அன்பர்களே! நாற்பது ஆண்டு எத்தனையோ பேரை மேலே கொண்டுபோனவன், அன்றுதான் நானும் மேலே வந்து சேர்ந்தேன்.

அதோ, வீட்டம்மா மூன்று விரல் காட்டுகிறாள். போதுமாம்! அடுத்து ஏறுகிறவருக்கு வழிவிட்டு, இந்த லிப்டுக்காரன் இறங்குகிறேன். கேட்ட காதுகளுக்கு நன்றி. சிரித்த முகங்களுக்கெல்லாம் வணக்கம்!