வலது கையில் ஒரு மொட்டு

– கையைக் கொஞ்சம் வெளிச்சத்துல காட்டுங்க தம்பி. ஆடாதீங்க. ம்... ஏழு எழுத்து, ஓரத்துல ஒரு மொட்டு. என் கை வேலைதான், சந்தேகமே இல்ல. இருபத்தியொரு வருஷமாகியும் ஒரு கோடு கலைஞ்சிருக்கா பாருங்க.

– கலைஞ்சிருந்தா நான் ஏன் மாஸ்டர், வேலையை விட்டுட்டு ரெண்டு மாடி ஏறி வரப்போறேன்? கலையலங்கிறதுதான் என் தலைவலி.

– பச்சை நல்லா நிக்குதுன்னு சண்டைக்கு வந்த முதல் ஆள் நீங்கதான். என்ன எழுதியிருக்கு இதுல?

– என் சம்சாரம் பேரு.

– நல்ல விஷயந்தானே. அதுல என்ன குறை?

– அது அவ பேரு இல்ல மாஸ்டர்.

– ஐயய்யோ. வேற பொம்பளை பேரா?

– அப்படி இருந்தாக்கூட கால்ல விழுந்து சமாளிச்சிருப்பேன். ஒரு நிமிஷம், அந்த விளக்கைத் தள்ளி வைங்க, கண்ணு கூசுது. சொல்றேன். நான் லிஃப்ட் மெக்கானிக். எங்க கம்பெனிக்கு, இந்த எழுத்தை எழுதுற வெளிநாட்டுல இருந்து புது மாடல் லிஃப்ட் ஒண்ணு வந்தது. அதை மாட்டிக் குடுக்க அந்த நாட்டுல இருந்தே ஒரு இன்ஜினியர் வந்தாரு. முதல் நாள் கை குலுக்கும்போது என் கையில இருக்கிறதைப் படிச்சாரு. அவ்வளவுதான். அதுக்கப்புறம் என்னை ஒரு ஸ்பானர்கூட தூக்க விடல. படி இறங்கினா முழங்கையைப் பிடிச்சுக்கிறாரு. சாப்பிட்டு எழுந்தா முதுகுல கை குடுக்கிறாரு.

– மரியாதை தெரிஞ்ச மனுஷன்.

– நானும் அப்படித்தான் நினைச்சேன். அவர் ஊருக்குப் போற அன்னிக்கு, கூட வந்த மொழிபெயர்ப்பாளர்கிட்ட கேட்டேன், ஏங்க, உங்க ஆளு என்னை இந்தத் தாங்கு தாங்குறாருன்னு. அவர் சிரிச்ச சிரிப்புல சுவரைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நின்னாரு. அப்புறம் சொன்னாரு.

– என்னன்னு?

– "உள்ளே கண்ணாடி. மெல்ல இறக்கவும்." சிரிக்காதீங்க மாஸ்டர்.

– சிரிக்கல தம்பி, தொண்டையில என்னமோ மாட்டிக்கிச்சு. ஒரு வாய் தண்ணி குடிச்சுக்கிறேன். நான் சொல்றது என்னன்னா, கேட்க ஒண்ணும் அசிங்கமா இல்லையே. பக்கத்துல மொட்டு வேற அழகா இருக்கு.

– மொட்டு இல்லீங்க, டம்ளர். உடையிற சாமான் பெட்டியில ஒரு கண்ணாடி டம்ளர் படம் போடுவாங்க பாருங்க, அதுல பாதி. அதைத் தாமரை மொட்டுன்னு ஊர் பூரா காட்டிட்டு அலைஞ்சிருக்கேன். கல்யாண போட்டோவுல அது தெரியணும்னு சட்டைக் கையை மடிச்சு விட்டுட்டு நின்னவன் நான்.

– இத்தனை வருஷத்துல ஒருதடவைகூட சரிபார்க்கலயா? இப்போதான் எல்லாத்துக்கும் போன் இருக்கே.

– பொண்டாட்டி பேரை யாராவது போன்ல சரிபார்ப்பாங்களா?

– அதுவும் நியாயந்தான்.

– இப்போ அந்த மொழிபெயர்ப்பாளர் சொல்லிக் குடுத்துட்டுப் போயிட்டாரு. எழுத்து மேல போனைக் காட்டினா அதுவே படிச்சுச் சொல்லிடுது. மூணு நாளா கண்ல பட்டதை எல்லாம் படிக்கிறேன். எங்க மேனேஜர் போட்டிருக்கிற தொப்பியில "மீன் இறக்குமிடம்"னு இருக்கு. எதிர்வீட்டு டீச்சரம்மா கைப்பையில "தரை ஈரம், ஜாக்கிரதை". ஒரு நிமிஷம், உங்க பனியன்ல என்ன போட்டிருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?

– இதுவா? மருமகன் வெளிநாட்டுல இருந்து வாங்கி அனுப்பினது. ஏதாவது வீரமான வார்த்தையாத்தான் இருக்கும். எழுத்தைப் பார்த்தாலே தெரியல?

– இப்படித் திரும்புங்க. வயித்தை எக்காதீங்க, எழுத்து மடியுது. ம், வந்துடுச்சு. "ஏழாம் மாதக் கர்ப்பிணிகள் நடைக் குழு."

– போன மாசம் பஸ்ல ஒரு வெளிநாட்டு அம்மா எழுந்து எனக்கு இடம் விட்டாங்க. நரைச்ச தலைக்கு மரியாதைன்னு நினைச்சேன். நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் பார்த்து உட்காருங்க தம்பி, நான் இதைத் திருப்பிப் போட்டுக்கிறேன்.

– உங்களுக்குத் திருப்பிப் போட வழி இருக்கு. நான் தோலைத் திருப்பிப் போட முடியுமா?

– சரி, ஆகட்டும். ஒரு நல்ல நாளா பார்த்து வாங்க, மேல ஒரு பறவை, கொடின்னு போட்டு மறைச்சு விட்டுடலாம்.

– நாள் எல்லாம் இல்ல மாஸ்டர். இன்னிக்கே ஆகணும். என் பொண்ணு காலேஜ்ல அந்த மொழியைத்தான் பாடமா எடுத்திருக்கா. சேர்ந்து மூணு மாசம் ஆகுது, ஹாஸ்டல்ல இருக்கா. எத்தனையோ பாடம் இருக்க, ஏன் இதை எடுத்தான்னு கேளுங்க.

– ஏன்?

– அம்மா பேரு அப்பா கையில அந்த எழுத்துல இருக்குல்ல, அதுக்காக. சின்னப் பிள்ளையில அதைத் தடவிக்கிட்டேதான் தூங்குவா. நாளைக்குக் காலையில வகுப்புல எல்லார் முன்னாடியும் இந்தக் கதையைத்தான் பேசப்போறாளாம். வாத்தியார் அந்த நாட்டுக்காரர். "அப்பா, கையை போட்டோ எடுத்து அனுப்பு"ன்னு விடிஞ்சதுல இருந்து பதினோரு மெசேஜ்.

– வீட்டுல அம்மாவுக்குத் தெரியுமா?

– தெரியக் கூடாது. அவளுக்கு உலகத்துல இருக்கிற ஒரே பெருமை இதுதான் மாஸ்டர். அவ பேரைக் கையில சுமக்கிறேன்னு நாலு பேர்கிட்ட சொல்லிச் சந்தோஷப்படுவேன் நான், அவ தலையைக் குனிஞ்சுக்குவா, வெட்கம். அவகிட்ட போய் இது உன் பேரு இல்லடி, பெட்டி மேல இருக்கிற எழுத்துன்னு சொன்னா உடைஞ்சு போயிடுவா. சாயங்காலத்துக்குள்ள நிஜமான பேரா மாத்திக் குடுங்க. தப்பு உங்களோடதுதானே.

– நில்லுங்க, நில்லுங்க. தப்பு என்னோடதுன்னு யார் சொன்னது?

– பின்ன யாரு? அவ எழுதி உறையில போட்டு ஒட்டிக் குடுத்தா. குத்தி முடியிற வரைக்கும் பார்க்கக் கூடாதுன்னு சொன்னா, நான் பிரிக்கக்கூட இல்ல, அப்படியே உங்க கையில குடுத்துட்டுக் கண்ணை மூடிக்கிட்டேன். நீங்க அதை எங்கயோ தொலைச்சுட்டு, கடையில கிடந்த ஏதோ பெட்டியைப் பார்த்துக் குத்திட்டீங்க.

– தம்பி, நான் சொல்றது என்னன்னா, தொழிலுக்கு வந்த புதுசுல ஒருத்தர் அப்பா முகத்தைத் தோள்ல குத்தச் சொல்லி போட்டோ குடுத்தாரு. குத்தி முடிச்சேன். கண்ணாடியில பார்த்துட்டு ஓன்னு அழறாரு. அது அவர் மாமனார் போட்டோ. பர்ஸ்ல இருந்து மாத்தி எடுத்துக் குடுத்திருக்காரு. பழி என் மேல. அன்னிலேர்ந்து ஒரு பழக்கம். யார் மாதிரிக்கு எதைக் கொண்டு வந்தாலும் அதை நோட்டுல ஒட்டிக் கையெழுத்து வாங்கிடுவேன். அந்த அலமாரி முழுக்க நோட்டுதான். எந்த வருஷம்னு சொன்னீங்க?

– எங்க கல்யாணத்துக்கு முந்தின வருஷம்.

– இருங்க, தேடுறேன். நீங்க பேசிட்டே இருங்க. உள்ளூர் எழுத்துல குத்தியிருந்தா இந்த வம்பே இல்லையே.

– அவ அண்ணன் எனக்கு மேஸ்திரி, மாஸ்டர். ஒரே லிஃப்ட் குழியில ரெண்டு பேரும் இறங்கி வேலை பார்க்கணும். கையில தங்கச்சி பேரைப் பார்த்தா என்னைக் குழியிலயே வச்சு மூடியிருப்பாரு. யாரும் படிக்க முடியாத எழுத்தா இருக்கணும்னு நான்தான் கேட்டேன். அவ அதே கட்டடத்துல நாலாவது மாடியில கண்ணாடிச் சாமான் கடையில பில் போட்டுட்டு இருந்தா. சரக்கெல்லாம் அந்த நாட்டுல இருந்துதான் வரும். எனக்கு அந்த எழுத்து தெரியும்னு சொன்னா, நம்பினேன்.

– இப்போ மச்சான் சமாதானமா?

– எங்க? பதிவு ஆபீஸ்ல மாலை மாத்தி இருபது வருஷம் ஆச்சு, இன்னிக்கு வரைக்கும் என் பேரை வாயால சொன்னதில்ல. "அந்தாளு"தான். என் முன்னாடியே "அந்தாளைச் சாப்பிடச் சொல்லு"ம்பாரு.

– இதோ இருக்கு. தூசி, தும்மாதீங்க. பாருங்க, கண்ணை மூடிக்கிட்டே நீங்க போட்ட கையெழுத்து. நான் தொலைக்கல.

– இது என்ன, அட்டையா?

– உங்க உறைக்குள்ள இருந்தது இதுதான். பழுப்பு அட்டை. ஏழு எழுத்து, பாதி டம்ளர். கத்தரியில நேரா வெட்டியிருக்காங்க. ஓரத்துல மட்டும்தான் ஒட்டியிருக்கேன், பின்பக்கம் என்னமோ எழுதியிருக்கு பாருங்க. என் கண்ணாடியை எங்க வச்சேன்... நீங்களே படிங்க.

– "இதைப் பார்த்து அப்படியே குத்துங்க. ஒரு கோடுகூட கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்."

– யார் கையெழுத்து தம்பி?

– தினமும் ஃப்ரிட்ஜ் கதவுல பார்க்கிற கையெழுத்து. "பால் வாங்கிட்டு வரவும்." அவளோடதுதான்.

– அப்படின்னா... பெட்டி எல்லாம் உங்க லிஃப்ட்லதானே ஏறியிருக்கும்? இந்த எழுத்தை நீங்க ஒருதடவைகூட பார்த்ததில்லயா?

– அவ கூட நிக்கும்போது பெட்டியை எவன் பார்த்தான்?

– பார்க்க மாட்டீங்கன்னு தெரியும். அதான் தைரியமா வெட்டினேன்.

– நீயா? நீ எப்படி இங்க வந்தே?

– ஏன், லிஃப்ட் இல்லாத மாடிக்கு நான் வரக் கூடாதா? வேலைக்குப் போறேன்னு கிளம்பினீங்க, டூல் பை வாசல்லயே கிடக்கு. மூணு நாளா வீட்டுக்குள்ள முழுக்கைச் சட்டை. பாப்பா வேற, அப்பா போட்டோ அனுப்ப மாட்டேங்கிறாருன்னு போன் பண்றா. எனக்கு விளங்கிடுச்சு. வணக்கம் அண்ணே, பனியனைத் திருப்பிப் போட்டிருக்கீங்க.

– தெரிஞ்சுதான் போட்டிருக்கேன்மா. வாங்க, உட்காருங்க.

– உட்காரட்டும் மாஸ்டர், முதல்ல பதில் சொல்லட்டும். உன் பேருன்னு சொன்னியா இல்லயா?

– சொன்னேன்.

– ஏன்?

– உங்களைத் தெரிஞ்சு அப்போ ஆறு வாரம்தான். லிஃப்ட்டு நடுவுல நின்னுச்சு, கதவைத் திறந்து விட்டீங்க, சிரிச்சீங்க. ஆறாவது வாரம் உன் பேரைக் கையில குத்திக்கப் போறேன்னு வந்து நிக்கிறீங்க. எங்க கடையில எனக்கு முந்தி பில் போட்ட அக்கா பேரையும் ஒருத்தன் அப்படித்தான் குத்திக்கிட்டான். அப்புறம் வேற இடத்துல கல்யாணம் பண்ணிக்கிட்டான். அந்த வீட்டுல சண்டை வரும்போதெல்லாம் அக்கா பேருதான் தெருவுல உருண்டுச்சு. என் பேரு என்கிட்டயே இருக்கட்டும்னு நினைச்சேன். அன்னிக்கு வந்த பெட்டியில ஒரு துண்டை வெட்டிக் குடுத்துட்டேன்.

– அதுல என்ன எழுதியிருக்குன்னு உனக்குத் தெரியுமா?

– தினம் நாப்பது பெட்டி பிரிச்சவளுக்குத் தெரியாதா? அந்த மொழியில எனக்குத் தெரிஞ்ச ஒரே வரி அதுதான்.

– அப்போ நீ என்னை நம்பல.

– அப்போ நம்பல.

– இத்தனை வருஷமா, நான் ஊர் பூரா காட்டும்போது தலையைக் குனிஞ்சுக்கிட்டியே, அது வெட்கம் இல்லயா?

– பாதி வெட்கம், பாதி சிரிப்பு. மிச்சம் பயம். மாலை மாத்தின அன்னிக்கே சொல்லிடலாம்னு வந்தேன். நீங்க சட்டைக் கையை மடிச்சு விட்டுட்டு போட்டோவுக்கு நின்னீங்க, வாயை மூடிக்கிட்டேன். பாப்பா பிறந்ததும் சொல்லலாம்னு பார்த்தேன். குளிக்கும்போது அந்த இடத்துக்கு மட்டும் ரெண்டு தடவை சோப்பு போடுற ஆளுகிட்ட எந்த வாயால சொல்றது? தெரிஞ்சா நீங்க உடைஞ்சு போயிடுவீங்கன்னு பயந்தே நாள் போயிடுச்சு.

– இவரும் உங்களைப் பத்தி இதையேதான் சொல்லிட்டு இருந்தாரும்மா, பத்து நிமிஷம் முன்னாடி.

– மாஸ்டர், நீங்க சும்மா இருங்க.

– இருக்கேன் தம்பி. ஆனா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காதீங்க. மேல ஒரு கொடி போட்டு மறைச்சுட்டு, அம்மா பேரைக் கீழ குத்திடலாம். ஒரு மணி நேர வேலை.

– மறைக்கக் கூடாது அண்ணே. எத்தனை தடவை கோபத்துல துணியை எடுத்து வச்சுட்டுக் கிளம்பியிருக்கேன் தெரியுமா? இவர் அந்தக் கையைத் தலைக்கு வச்சுத் தூங்கிட்டு இருப்பாரு. உள்ளே கண்ணாடி, மெல்ல இறக்கவும். படிச்சதும் சிரிப்பு வந்துடும், துணியை மறுபடி மடிச்சு வச்சுடுவேன். இவரைக் கீழ போடாம நான் வச்சிருக்கேன்னா, அந்த அட்டைதான் காரணம். என்னங்க, சிரிக்கிறீங்களா, அழறீங்களா?

– ஒரு நிமிஷம். எனக்கே தெரியல. பாப்பாவுக்கு நாளைக்கு என்ன சொல்றது?

– பஸ்ல வரும்போதே போன்ல எல்லாத்தையும் சொல்லிட்டேன். பாதி வழி சிரிச்சா, மீதி வழி அழுதா. இந்தக் கதைதான் நல்லா இருக்கு, இதையே பேசுறேன்னுட்டா. அதுக்கு இன்னொரு போட்டோ வேணும்.

– அதான் இருக்கே. இந்தா கை, எடுத்துக்கோ.

– உங்க கை அவளுக்கு மனப்பாடம். அண்ணே, அந்த நோட்டை இப்படித் தள்ளுங்க. மாதிரியை நானே எழுதித் தர்றேன். இந்த தடவை யாருக்கும் உறை கிடையாது. கையெழுத்தும் இங்க போட்டுட்டேன்.

– என்னம்மா எழுதியிருக்கீங்க, கிட்ட கொண்டாங்க... இது உங்க பேரு இல்லையே.

– இவர் பேரு. என் கையில குத்துங்க, நம்ம எழுத்துலயே. எங்க அண்ணன் கண்ணாடி போடாமலே வாய்விட்டுப் படிக்கிற மாதிரி, பெருசா.