அர்ச்சனைக்குச் சொன்ன நட்சத்திரம்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு சனிக்கிழமை மத்தியானம். மார்க்கம் வீதிப் பஸ்ஸில் என் முன் இருக்கையில் இரண்டு தமிழர்கள் அமெரிக்கன் ஃபுட்போல் பற்றிக் கதைத்துக்கொண்டு வந்தார்கள். கம்பளித் தொப்பி போட்டவர் திடீரென்று சொன்னார்:

"அவன்ர கால் முறியவேணுமெண்டு காலமை கோயில்ல ஒரு அர்ச்சனை செய்விச்சனான்."

நான் பேப்பரைத் தாழ்த்தினேன். பக்கத்திலிருந்த கண்ணாடிக்காரரும் திகைத்துப்போனார்.

"ஆரின்ர கால்?"

"நாளைக்கு எங்கட டீமுக்கு எதிரா விளையாட வாறவன்தான்."

"என்ன விசர்க் கதை அண்ணை? கோயில்ல போய் உப்பிடிக் கேக்கலாமோ?"

"ஏன், உந்த விளையாட்டுக்காரங்கள் நடு மைதானத்தில, ரீவிக் கமராவுக்கு முன்னால முழங்காலில இருந்து கும்பிடுறாங்கள். அது மட்டும் சரியோ?"

"அவங்கள் ஆரின்ர காலையும் முறிக்கச் சொல்லிக் கேக்கேல்லை. ஐயர் எப்பிடி ஓமெண்டவர்?"

"ஐயருக்கு ஏன் சொல்லுவான்? நான் மனசுக்குள்ள கேட்டனான். அவர் பேரும் நட்சத்திரமும்தான் கேட்டவர்."

"வெள்ளைக்காரனுக்கு என்ன நட்சத்திரம் சொன்னனீங்கள்?"

"எப்பவும் மகனுக்குத்தானே அர்ச்சனை செய்விக்கிறனான். பழக்கத்தில அவன்ர பேரையும் நட்சத்திரத்தையுமே சொல்லிப்போட்டன்."

கண்ணாடிக்காரர் அவர் பக்கம் திரும்பினார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"மகன் இப்ப எங்க?"

"பள்ளிக்கூட கிரவுண்டில. இண்டைக்கு அவனுக்கும் மட்ச்..."

வசனம் முடியவில்லை. தொப்பிக்காரர் எழும்பி மணிக்கயிற்றை இழுத்தார். பஸ் நிற்கும்வரை இழுத்தபடியே நின்றார்.